ஒன்பது பேரும் ஒரு கட்டியும்

பிப்ரவரி 3

என்னங்க,

"இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியே பொய்யானால் மிச்சக் கடிதத்தை எப்படி நம்புவீர்கள் என்று விட்டுவிட்டேன். அத்தை நலம். நான் போன வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. பக்கெட்தான் உடைந்தது.

நீங்கள் வேலை செய்யும் மலையில் போன் டவர் விழுந்ததிலிருந்து உங்கள் குரலைக் கேட்டு முப்பத்து நான்கு நாளாகிறது. போன் இருந்திருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அத்தை பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு உங்களுக்குக் கடிதம் எழுத வைக்கப் போகிறார்கள். உங்கள் அம்மா சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

மயக்கம் தெளிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"குழந்தைங்க?"

"இல்லை."

"எத்தனை தடவை உண்டாச்சு?"

பொய் சொல்லும் இடமா அது? உயிர் சம்பந்தப்பட்ட இடம். "ஒன்பது" என்றேன். "ஒன்பதும் தங்கலை."

பின்னால் நின்ற அத்தையின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டது.

"என்னடி சொல்றே? ஒன்பதா? ஒன்பது பேரப்பிள்ளைங்க போயிருக்கு, எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன இந்த வீட்ல குத்துக்கல்லா?"

இப்போது நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான இரண்டாம் வருடம், நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம், மாதவிலக்கு வழக்கம்போல் இல்லாமல் கட்டி கட்டியாகப் போனது. பழைய பேப்பர் கடையில் வாங்கிய தாய்மை பற்றிய புத்தகம் ஒன்று என்னிடம் உண்டு. அட்டை கிடையாது, கடைசிப் பக்கங்களும் கிடையாது. அப்படிப் போனால் கரு கலைந்ததாக இருக்கலாம் என்று அதில் இருந்தது. அன்று உங்களுக்கு இரவு வேலை. காலையில் வந்து பெட்டிகளைத் தூக்கி அடுக்கினீர்கள், பாட்டுப் பாடிக்கொண்டே. உங்கள் பாட்டை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்றை மறைத்தேன். ஒன்றை மறைத்தவளுக்கு இரண்டாவதை எப்படிச் சொல்ல வரும்?

மாதவிலக்கு நாள் எழுதும் என் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். பெயர் வைக்கவில்லை. குடிவந்த வாரத்துப் பிள்ளை, தண்ணீர் வராத கோடையின் பிள்ளை, உங்கள் விரல் நசுங்கிய மாதத்துப் பிள்ளை என்று நானாக அடையாளம் வைத்திருக்கிறேன். காலையில் சாமி கும்பிடும்போது ஒன்பது பேரையும் ஆண்டவனிடம் வரிசையாகச் சொல்வேன். மூத்தது இருந்தால் இப்போது அதற்கு ஒன்பது வயது.

ஒன்பதாவது, நீங்கள் மலை வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாதம்.

வியாழக்கிழமை ஸ்கேன். ரத்தம் மிகக் குறைவு என்கிறார்கள். திட்டுவதானால் ஸ்கேன் முடிந்த பிறகு திட்டுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


பிப்ரவரி 13

கணக்கு,

உன் கடிதம் நேற்று லாரியில் வந்தது. அம்மாவின் கடிதமும் அதே லாரியில் வந்தது. டீச்சர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. திட்டு முழுக்க அம்மாவுடையது. உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன்.

ஒன்பது.

நான் என்ன பாவம் செய்தேன்? சொல்லு. குடித்தேனா, அடித்தேனா? ஒன்பது முறை எனக்குப் பிள்ளை உண்டாகி, ஒன்பது முறை போய், ஒன்பது முறையும் மறுநாள் காலையில் நீ எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாய். சர்க்கரை கூட அளவாகத்தான் இருந்திருக்கும். நீ அப்படி ஆள், கணக்கு என்று உன்னைச் சும்மாவா கூப்பிடுகிறேன். விரல் நசுங்கிய மாதம் உன் மடியில் கையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் புலம்பினேனே, அப்போது உனக்குள் என்ன நடந்தது? ஒரு விரலுக்கு அத்தனை புலம்பல் புலம்பியவனைப் பார்த்து நீ சிரித்திருக்க வேண்டும்.

கடிதத்தை வைத்துக்கொண்டு சுரங்க வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஓட்டும் கல் உடைக்கும் மெஷின் ஓடவில்லை என்று ஆள் மேல் ஆள் வந்தான். கடைசியில் முகாம் சமையல்காரர் வந்தார். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் ஊர் வாய்.

"என்னப்பா, ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"எத்தனை பேரு?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டார். நானும், "ஒன்பது பேர்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். பஸ் கவிழ்ந்து குடும்பமே போய்விட்டது என்று முகாம் முழுக்கப் பரவிவிட்டது. சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். நூற்றுப் பத்துப் பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் நின்றார்கள். இந்த மலையில் மெஷின் சத்தம் இல்லாத அரை மணி நேரத்தை இதுவரை நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு விதத்தில் உண்மைதானே என்றும் தோன்றியது. என் பிள்ளைகளுக்காக யாராவது நிற்கட்டும்.

வருகைப் பதிவு பார்க்கும் டைம்கீப்பர் நாலு நாள் லீவு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். வந்தால் உன்னிடம் என்ன பேசுவேன்?

ஒன்பது பேரையும் பற்றி எனக்கு எழுது. ஒருத்தரையும் விடாதே. எந்த மாதம், அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம் எழுது. எனக்கு அவ்வளவாவது வேண்டும்.

மருந்தைச் சாப்பிடு.


பிப்ரவரி 14

என்னங்க,

என் முதல் கடிதம் இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். வராமல் லாரியோடு பள்ளத்தில் விழுந்திருந்தால் நல்லது என்று இன்று காலையிலிருந்து பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரருக்கு ஒன்றும் ஆகாமல் கடிதம் மட்டும் விழ வேண்டும் என்று.

ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ந்த களிம்பைத் தடவி வயிற்றின் மேல் உருட்டிய பெண், "கர்ப்பப்பை பன்னிரண்டு வார அளவு" என்று எழுதச் சொன்னாள். நான் எழுந்து உட்காரப் போனேன். "அப்படின்னா?" என்றேன். "வீங்கியிருக்குங்க. வீக்கத்தை இப்படித்தான் அளப்போம்" என்றாள். பிள்ளை இல்லாத வயிற்றை அளக்கவும் அவர்களிடம் பிள்ளையின் அளவுதான் இருக்கிறது.

பிறகு டாக்டரம்மா. நம் வயதுதான் இருக்கும், சட்டென்று சிரிக்க மாட்டார். நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார், கொடுத்தேன்.

"கட்டி மூணு இருக்கும்மா. நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை, அந்த பயம் வேண்டாம். நிறைய பொம்பளைங்களுக்கு இருக்கும், பாதி பேருக்கு இருக்கிறதே தெரியாது. ரெண்டு வெளிச் சுவத்துல இருக்கு, அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். ஒண்ணு மட்டும் உள்ளே நீட்டிட்டு இருக்கு, எலுமிச்சம்பழ சைஸுக்கு. இவ்வளவு ரத்தம் போறது அதால்தான். கரு வந்து ஒட்ட வேண்டிய இடமும் அதுதான். நாற்காலியில ஏற்கனவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தா வர்றவங்க எங்கே உட்காருவாங்க?"

"எழுப்பி விடறதுதானே!" என்றார்கள் அத்தை.

"விடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்று டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இந்தச் சிவப்பு வட்டம் எல்லாம் என்னம்மா?"

"அதுங்கதான் டாக்டர். என் பிள்ளைங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி. பேனா முனையால் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். "இது இருபத்தெட்டாம் நாள். இது இருபத்தேழு. மறுபடியும் இருபத்தெட்டு. ஒண்ணு கூட தள்ளிப் போகலையேம்மா. கரு தங்கி, அப்புறம் கலையறதுக்கு கொஞ்சமாவது நாள் தள்ள வேண்டாமா? கட்டி கட்டியா போனது ரத்தம்தான். அந்த நார்க்கட்டி பண்ணின வேலை. நான் சத்தியம் பண்ண முடியாது, ஆனா இதெல்லாம் பிள்ளை இல்லைன்னுதான் எனக்குத் தோணுது."

"ஒன்பதுமா?"

கடைசி வட்டத்தில் பேனா நின்றது. "இது பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருக்கு. இது எனக்குத் தெரியலை. இருந்திருக்கலாம். அந்தக் கட்டியால நிக்காம போயிருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். நான் சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? எட்டுப் பேர் சாகவில்லை. சாகவில்லை என்றால் பிறக்கவும் இல்லை. இன்று காலையில் சாமி முன்னால் நின்றபோது, பழக்கத்தில் "குடிவந்த வாரத்துப் பிள்ளை" என்று தொடங்கிவிட்டு, அடுத்து யாரைச் சொல்வதென்று தெரியாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் நான் யாருக்காக அழுதேன்?

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினோம் என்ற கர்வம் எனக்கு உண்டு. எழுதியது எல்லாம் சரி. கூட்டியதுதான் தப்பு.

இனி நீங்கள் முடிவு சொல்ல வேண்டியது. டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்: ரத்தப்போக்கு அதோடு முடியும், கட்டி திரும்ப வராது. இல்லையென்றால் உள்ளே இருக்கும் கட்டியை மட்டும், வயிற்றைக் கீறாமல், கீழ்வழியாகவே கருவியை விட்டு எடுக்கலாம். பிள்ளைக்கு வழி இருக்கும். வரும் என்று சொல்லவில்லை. வழி இருக்கும் என்றார். கட்டி திரும்பவும் வரலாம் என்றும் சொன்னார். எதுவானாலும் முதலில் ரத்தம் ஏற வேண்டும். பன்னிரண்டு இருக்க வேண்டியது இப்போது ஏழு. இரண்டு மூன்று மாதம் மாத்திரை, கீரை, பேரீச்சம்பழம்.

எனக்கு முப்பத்தாறு வயது முடிந்து நாலு மாதம்.

உங்கள்
வீட்டுக்காரி


பிப்ரவரி 23

என்னங்க,

உங்கள் பதிமூன்றாம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. நிறுத்துங்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அழ வேண்டாம். யாரும் இல்லை. இதற்குள் என் இரண்டாவது கடிதம் வந்திருக்கும், வந்திருக்க வேண்டும்.

நூற்றுப் பத்துப் பேர் தொப்பியைக் கழற்றி நின்றார்களே, ஆண்டவா, இல்லாத பிள்ளைகளுக்காக. நான் செய்த தப்புக்கு அந்த நல்ல மனிதர்கள் வெயிலில் நின்றிருக்கிறார்கள். சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். என்ன சொல்வீர்களோ தெரியாது.

ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தபோது ஒரு நிமிடம் எழுதிவிடலாமா என்று இருந்தது. அவர்கள் இல்லை என்று தெரிந்த பிறகும். இதை யாரிடம் சொல்வேன், உங்களைத் தவிர?


பிப்ரவரி 25

கணக்கு,

உன் இரண்டாவது கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம், இரண்டாம் முறை சிரிப்பு, மூன்றாம் முறை சுரங்கத்துக்குள் போய் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டுப் பேர் பிழைத்துக்கொண்டார்கள் என்று சமையல்காரரிடம் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அவர் வாயைப் பிளந்து, "பஸ் கவிழ்ந்தும் எட்டு பேரு பொழைச்சிட்டாங்களா! கடவுள் இருக்காருப்பா!" என்று எல்லோருக்கும் அன்று டீயோடு பிஸ்கட் கொடுத்துவிட்டார். போகட்டும். மலையில் ஒரு நாள் சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எடுத்துவிடு. முழுசாக எடுத்துவிடு.

பிள்ளை வேண்டும் என்று நான் என்றைக்காவது உன்னை நச்சரித்தேனா? அம்மா ஏதாவது சொன்னால் நான் தடுக்கவில்லையா? எனக்கு நீ போதும். ரத்தம் ஏழு என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் இங்கே ஒருவனுக்குத் தொடையில் கல் கிழித்துவிட்டது. லாரி வருவதற்குள் எவ்வளவு ரத்தம் போனது என்று பார்த்தவன் நான். மாதா மாதம் உனக்கும் அப்படிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, பக்கத்தில் படுத்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாள். உன்னிடம் சொன்னதில்லை. நீ மட்டும் எண்ணவில்லை. நானும் எண்ணினேன். குளியலறைக் கொடியில் உன் மாதவிலக்குத் துணி காயவில்லை என்பதைப் பார்த்தேன். ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்று வேலைக்குப் போகும் வழியில் எண்ணிக்கொண்டு போவேன். பத்தாம் நாள் ஒரு கடை வாசலில் நின்று சின்னச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் "எத்தனை மாசம் சார்?" என்றான், நான் ஓடியே வந்துவிட்டேன். பதிமூன்றாம் நாள் துணி காய்ந்தது. நீ டீ கொடுத்தாய். நான் குடித்தேன். நீ மறைத்தாய் என்று திட்டினேன், இல்லையா? நானும் அன்று மறைத்தவன்தான்.

அந்தப் பன்னிரண்டு நாளை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. எடுத்துவிடு.


மார்ச் 7

என்னங்க,

நீங்களும் எண்ணினீர்கள் என்று படித்தபோது நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு பேர் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். நமக்கு யார் புத்தி சொல்வது?

ஆனால் எடுத்துவிடு என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள். கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அதுவரை அவர்களும் உங்கள் கட்சிதான். "உசுரு இருந்தா போதும், எடுத்துப் போட்டுட்டு வா" என்று தினமும் காதில் ஓதியவர்கள். கேட்டு முடித்ததும் என்னவோ மாறிவிட்டது. "அவன் சொல்றதுக்கென்ன, பத்து மாசம் அவனா சுமக்கப் போறான்? வயிறு உன்னோடது. என்னைக் கேக்காதே, அவனையும் கேக்காதே" என்று எழுந்து போய்விட்டார்கள். பிறகு உள்ளேயிருந்து சத்தம்: "கீரையைத் தின்னாச்சா?"

அதனால் என் வயிற்றைப் பற்றி நானே சொல்கிறேன். கோபிக்காமல் படியுங்கள்.

உங்களுக்கு நான் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை. எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கும்? நான் அதற்கு நன்றி சொல்ல வேண்டியவள். ஆனால் எனக்கு நான் போதவில்லையே, என்ன செய்ய?

எட்டுப் பேர் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து என் கை சும்மா இருக்கிறது. முன்பு துக்கமாவது இருந்தது. துக்கம் என்றால் யாரோ இருந்தார்கள் என்று அர்த்தம். இப்போது அவர்கள் வருவதற்கு ஒரு இடம்கூட இல்லாமல் செய்துகொள் என்கிறீர்கள். அந்த எலுமிச்சம்பழம் வேண்டுமானால் போகட்டும். வீட்டை இடிக்க மாட்டேன்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். "பத்துப் பேருக்கு இதை எடுத்தா எத்தனை பேருக்குப் பிள்ளை உண்டாகும்?" என்று கேட்டேன். எனக்கு ஒரு எண் கிடைத்தால் நிம்மதி. "சில பேருக்கு உண்டாகும். சில பேருக்கு எடுத்தும் உண்டாகாது. வயசு இருக்கு, இன்னும் எத்தனையோ இருக்கு. உங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை பரிசோதனை பண்ணச் சொல்லணும். உங்க கணக்குக்கு நான் எண் தர மாட்டேம்மா" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எண் இல்லாத ஒன்றுக்காகத் தயாராகிறேன். வாழ்நாளில் முதல் முறை.

நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் செய்துகொள்வேன். சம்மதித்தால் நன்றாகத் தூங்குவேன்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 30

கணக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. ரோஷம்தான், வேறொன்றும் இல்லை. லாரி ஐந்து முறை வந்து ஐந்து முறை போனது. ஒவ்வொரு முறையும் சமையல்காரர், "வீட்டுக்கு எழுதலையாப்பா? பொழைச்சவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?" என்பார்.

நேற்றுக் கல் உடைக்கும் மெஷினின் வாயில் ஒரு பாறை சிக்கிக்கொண்டது. புது இன்ஜினியர், சின்னப் பையன், "மெஷின் பழசாச்சு, கழட்டிப் போட்டுட்டு வேற கேக்கலாம்" என்றான். எனக்கு வந்ததே கோபம். "கல் சிக்கினா கல்லை எடுக்கணும் சார். மெஷின் மேல என்ன தப்பு?" என்று கத்திவிட்டேன். யாரிடம் கத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும். பாறையை எடுக்க ஆறு மணி நேரம் ஆனது. மெஷின் ஓடுகிறது.

உன்னை மெஷினோடு ஒப்பிட்டதற்கு அடிக்க வருவாய் என்று தெரியும். எனக்குத் தெரிந்தது மெஷின்தான்.

கட்டியை மட்டும் எடுத்துக்கொள். நன்றாகத் தூங்கு. அந்தப் பரிசோதனைக்கும் நான் தயார், டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு. ஒரே ஒரு வேண்டுகோள்: இனி நாள் தள்ளினால் என்னிடம் சொல். துணி காய்ந்தாலும் சொல். நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே.


மே 22

என்னங்க,

எழுத வேண்டாம் என்று அத்தை பேனாவை ஒளித்து வைத்திருந்தார்கள். இன்றுதான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது.

ரத்தம் பதினொன்றரை ஆனது. பத்தொன்பதாம் தேதி காலையில் எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட இல்லை. மறுநாளே வீடு. கண் விழித்தபோது அத்தை பக்கத்துக் கட்டில்காரியிடம், "மத்தவ எல்லாம் பத்து மாசம் சுமப்பா, எங்க வீட்டு மருமக பத்து வருஷம் சுமந்தா, எதை? கட்டியை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சிரித்ததில் அவளுடைய தையல் வலித்துவிட்டது. நர்ஸ் வந்து அத்தையை வெளியே அனுப்பினாள். போகும்போது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

எடுத்ததைப் பார்க்கக் கேட்டேன். துண்டு துண்டாக ஒரு குப்பியில் இருந்தது, வெளுத்துப்போய், அவித்த சோயா போல. இதற்காகவா என்று இருந்தது. இதுவா என்னுடைய நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தது? பரிசோதனைக்கு அனுப்பி, கெட்டது எதுவும் இல்லை என்று உறுதி செய்வார்களாம்.

நீங்கள் கேட்டபடி அன்றைக்கே சொல்கிறேன்: இப்போது லேசான கசிவுதான், வலி குறைவு. மருந்து வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

டாக்டரம்மா ஜூலையில் உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லாம் ஆறியிருந்தால் முயற்சி செய்யலாம் என்றார். "வீட்டுக்காரர் எங்கே?" என்றார். மலையில் என்றேன். "மலையில இருந்தா எப்படிம்மா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

காலையில் சாமி முன்னால் நிற்கிறேன். முன்பெல்லாம் பட்டியல் இருந்தது. இப்போது ஒருத்தர்தான், பன்னிரண்டு நாள் இருந்தாரோ இல்லையோ, அவரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிறேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் கணக்காகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிற்பதே பிரார்த்தனை என்று ஆண்டவன் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அது சாமியிடம் இல்லை. கட்டிலில் உங்கள் பக்கம் துவைத்த துணியை மடித்து வைத்திருக்கிறேன், காலியாகத் தெரியக் கூடாது என்று. தூக்கத்தில் கை அந்தப் பக்கம் போகிறது. சட்டையில் படுகிறது. சட்டைக்குள் நீங்கள் இல்லை.

ஜூலை பத்துக்குப் பிறகு வாருங்கள். பிள்ளைக்காக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூலை 12, பஸ் நிலையம்

கணக்கு,

இந்தக் கடிதத்தை இங்கே பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். நாளை மாலை நான் வீட்டில் இருப்பேன். கடிதம் மூன்று நாள் கழித்துத்தான் வரும். பிறகு எதற்கு எழுதுகிறான் இந்த மடையன் என்று கேட்பாய்.

லீவு வாங்கிய கதையை நேரில் சொல்கிறேன், இருந்தாலும் கொஞ்சம். டைம்கீப்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்பது பேர் தவறினப்ப லீவு குடுத்தேன், போகலை. எட்டு பேர் பொழைச்சாங்கன்னப்பவும் போகலை. இப்ப என்னய்யா அவசரம்?" என்றார். என்ன சொல்வேன்? "வீட்ல என்னைத் தேடறாங்க சார்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவன் எல்லாம் சிரித்தான். டைம்கீப்பர் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடமாகிறதாம். நாற்பது நாள் எழுதிக் கொடுத்தார். நான் கேட்டது முப்பது.

இப்போது காரணம். நேரில் என்னால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது.

நாளை நான் வந்ததும் நீ என் முகத்தைப் பார்ப்பாய். எனக்குத் தெரியும், என்ன கேட்பாய் என்று. "உண்டாகலைன்னா?" என்பாய். நான் உடனே, "அதனால என்ன, எனக்கு நீ போதும்" என்பேன். பழக்கம். நல்லவன் மாதிரி இருக்கும். அம்மாவும் கேட்டு நிம்மதியாகப் போய்ப் படுப்பாள்.

அது முழு உண்மை இல்லை. எனக்கும் வேண்டும். அந்தக் கடை வாசலில் நின்றவனுக்கு ரொம்ப வேண்டும். பதினொரு வருடம் கேட்காமல் இருந்தது வேண்டாம் என்பதால் இல்லை. நீ வருத்தப்படுவாய் என்று. நான் நச்சரிக்கவில்லை என்று பெருமையாக எழுதினேனே, அந்தப் பெருமைதான் உன்னைத் தனியாக விட்டுவிட்டது. ஆசை உனக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒருத்தி ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

வராமல் போகலாம். டாக்டரம்மா எண் தர மாட்டேன் என்றதை நான் மறக்கவில்லை. அப்போது நான் தைரியமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அழுவேன். மெஷின் சத்தம் இல்லாத இடத்தில், உனக்குக் கேட்கும்படியாக.

கண்டக்டர் கூப்பிடுகிறார். நீ இதைப் படிக்கும்போது நான் அடுத்த அறையில் படுத்திருப்பேன், தூங்குவது போல. தூங்கியிருக்க மாட்டேன். படித்து முடித்ததும் எதுவும் சொல்லாதே. கட்டிலில் என் பக்கம் அந்தத் துணி இன்னும் மிச்சம் இருந்தால் எடுத்து வேறு எங்காவது வைத்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்.